பதினோரு சிவப்பு ரிப்பன்கள்

மர்டாக் ஹேஸ்டிக்கு எழுபத்தொரு வயது. போதைப்பொருள் தயாரித்த குற்றத்துக்காக ஐந்து வருடத் தண்டனையில் உள்ளே இருக்கிறார். தன் வாழ்நாளில் அவர் தயாரித்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ரொட்டி டோஸ்ட் ஒன்றுதான். அதிலும் ஒரு பக்கம் கருகிவிடும். இந்த உண்மையை அவர் போலீஸிடம் சொல்லவில்லை, தன் வக்கீலிடம் சொல்லவில்லை, ஜூரியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐந்து வருடமும் மிச்சம்.

சிறையின் பார்வையாளர் அறையில் எதிரே உட்கார்ந்திருந்த ஏரனாவுக்கும் இது தெரியாது. மேல்முறையீட்டுக்கென்று புதிதாக வந்த வக்கீல். முப்பது வயதிருக்கும். வடக்கே ஆக்லாந்துக்கும் அப்பால் பிறந்தவள். இந்தத் தெற்கத்திக் குளிருக்கு, அங்கே நடுக்குளிர்காலமான ஜூலை மாதத்தில், இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். விசாரணையின் கடைசி நாளில் நீதிபதி ஜூரிக்குச் சொன்ன அறிவுரை முழுவதையும் அச்செடுத்து மேசைமேல் வைத்தாள். முப்பத்துநான்கு பக்கம். ஒரே ஒரு பத்தியில் மஞ்சள் தடவியிருந்தது.

"இங்க பாருங்க மர்டாக். பக்கம் இருபத்தேழு. இந்த ஒரு பத்திதான் நம்ம வழக்கு."

"மீதிப் பக்கமெல்லாம்?"

"அதெல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கார். படிச்சா தூக்கம் வருது."

"ஜூரியில ரெண்டு பேருக்கு வந்துச்சு. நானே பாத்தேன்."

ஏரனா மஞ்சள் பத்தியைப் படித்தாள். "'இவர் போலீஸிடம் ஒன்று சொன்னார், இந்தக் கூண்டில் நின்று வேறொன்று சொல்கிறார். குற்றமற்ற மனிதர் ஒருவர் பொய் சொல்ல வேண்டிய தேவை என்ன என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.'"

"நியாயமான கேள்வியாத்தானே இருக்கு?"

"நீங்க கேக்கலாம். டீக்கடையில கேக்கலாம். நீதிபதி கேட்டா, கூடவே இன்னொண்ணும் சொல்லணும். மனுஷன் ஆயிரம் காரணத்துக்குப் பொய் சொல்லுவான். பயம், வெக்கம், இன்னொருத்தரைக் காப்பாத்தறது. பொய் சொன்னான்ங்கறதை மட்டும் வெச்சுக் குத்தவாளின்னு முடிவு பண்ணிடாதீங்கன்னு எச்சரிக்கணும். இவர் அதை விட்டுட்டார்."

"அது போதுமா வக்கீலம்மா?"

"பாதிதான் போதும். வெலிங்டன்ல மூணு நீதிபதிங்க உக்காருவாங்க. சரிம்மா, அந்த எச்சரிக்கையைக் கொடுத்திருந்தா மட்டும் என்ன மாறியிருக்கும்னு கேப்பாங்க. வேற காரணம் ஏதாச்சும் நிஜமாவே இருந்துச்சான்னு கேப்பாங்க." பேனாவைத் திறந்தாள். "சொல்லுங்க. ஏன் பொய் சொன்னீங்க?"

மர்டாக் மூலையிலிருந்த சிப்ஸ் இயந்திரத்தை வெகு கவனமாகப் பார்த்தார்.

நடந்தது சிக்கலான கதை இல்லை. கிளென்ரோவாவில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் சாராயம் வடிக்கிற செம்புக் கலம் ஒன்று. தனக்கு வேண்டியதைத் தானே காய்ச்சிக் குடிப்பதில் சட்டத்துக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. விற்றால்தான் வீட்டுக்கு வருவார்கள். முன்பு ஆட்டு ரோமம் கத்தரிக்க வருகிறவர்கள் தங்கிய அறையில் பிரைஸ் என்று ஒருவன் வாடகைக்கு இருந்தான். பாஸம் என்ற மரவிலங்கைப் பிடித்துத் தோல் விற்கிறேன் என்று சொல்லிக்கொண்டான். நாற்றம் அடித்தபோதெல்லாம் தோல் பதப்படுத்துவதாகச் சொன்னான். போன வருட மார்ச்சில் போலீஸ் வந்து கொட்டகையைத் திறந்தபோது தோல் ஒன்றுகூட இல்லை. மெத் போதைப்பொருள் காய்ச்சுகிற சாமான்கள்தான் மேசை நிறைய இருந்தன.

பிரைஸ் ஒப்புக்கொண்டு உள்ளே போய்விட்டான். மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: கிழவனுக்குத் தெரியுமா? தெரிந்தே இடம் கொடுத்திருந்தால் அவரும் தயாரித்தவர்தான். துப்பறியும் அதிகாரி அன்றைக்குச் சமையலறையில் உட்கார்ந்து, "கொட்டகைக்கு யார் போவாங்க?" என்று கேட்டார். மர்டாக் நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான். சனிக்கிழமை தவறாம போவேன். பிராந்தி காய்ச்சுவேன்," என்றார். விசாரணையில், இரண்டு வருடமாக அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை என்றார். அப்படியானால் போலீஸிடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அரசு வக்கீல் கேட்டதற்கு, "சும்மா சொன்னேன்," என்றார். ஜூரி மதியச் சாப்பாட்டையும் சேர்த்து ஐம்பது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது.

"சரி, அதை விடுங்க," என்றாள் ஏரனா. "தண்டனைக்கும் சேர்த்துத்தான் மேல்முறையீடு. நாலு வருஷம் போட்டுட்டு, கூட ஒரு வருஷம் ஏத்தியிருக்கார். ஏன் தெரியுமா? உங்க பிராந்தி. 'கிளென்ரோவா ஷோ என்னும் ஆண்டு விவசாயக் கண்காட்சியில் வீட்டு மதுப் பிரிவில் பதினோரு முதல் பரிசுகள். வடிப்பதில் இவருக்குள்ள அபாரமான திறமைக்கு இது சான்று. அத்திறமையைத் தீய வழிக்குத் தந்தது குற்றத்தைக் கூட்டுகிறது.'" அவள் சிரித்துவிட்டாள். "எங்கப்பாவும் காய்ச்சுவார். ஃபீஜோவாப் பழத்துல. ரிப்பனெல்லாம் ஒண்ணும் கெடைச்சதில்ல. முதல்ல இறங்குறதுல நீங்க எவ்வளவு கீழ ஊத்துவீங்க?"

"எதைக் கீழ ஊத்தணும்?"

"முதல்ல சொட்டுமே, அது. அரை டம்ளரா, ஒரு டம்ளரா?"

"நல்ல பிராந்தியை எவனாச்சும் கீழ ஊத்துவானா? ஒரு சொட்டு வீணாக்க மாட்டேன்."

ஏரனா பேனாவை மூடினாள். "மர்டாக், முதல்ல இறங்குறது விஷம். அதைக் கலந்து குடிச்சா கண்ணு போயிரும். நீங்க சொல்ற மாதிரி பதினோரு வருஷம் காய்ச்சியிருந்தா, அந்த ஷோவுக்கு வந்த ஜட்ஜுங்க எல்லாரும் இப்ப கோல் ஊணிக்கிட்டு நடக்கணும்."

சிப்ஸ் இயந்திரத்தில் உப்பு போட்டது நான்கு, வினிகர் போட்டது ஏழு பொட்டலம் இருந்தன.

"யார் காய்ச்சினது?"

"நோலீன்," என்றார் மர்டாக். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாள் ஆகியிருந்ததோ, சொன்னதும் அவருக்கே குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

நோலீன் அவர் மனைவி. இறந்து மூன்று வருடம். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் கிளென்ரோவா ஷோவின் பண்டக் கூடத்துக்குத் தலைமைப் பொறுப்பாளர். ஜாம், ஊறுகாய், கேக், மது, எல்லாம் அவள் கண் பார்வையில்தான் மேசைக்கு ஏறும். ஷோ விதி பதினான்கு: பொறுப்பாளர் போட்டியிடக் கூடாது. பொறுப்பாளரின் புருஷன் போட்டியிடலாமா என்பது பற்றி விதியில் ஒரு வார்த்தை கிடையாது. நோலீன் சட்டத்தை மதிக்கிறவள். விதி எங்கே முடிகிறதோ அங்கேயே அவளும் நின்றாள்.

பிப்ரவரி முடிவில் டாம்சன் ப்ளம் கறுத்துத் தொங்கும். சனிக்கிழமை மதியம் கொட்டகைக்குப் போவார்கள். அவளுக்கு ஏப்ரன், அவருக்குப் பழைய ஹோல்டன் காரிலிருந்து கழற்றிப்போட்ட பின் சீட். ரேடியோவில் குதிரைப் பந்தயம். அவருக்கு இரண்டு வேலை உண்டு. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் லேபிள் எழுதுவது. அவள் கத்தும்போது வெப்பமானி பார்ப்பது.

"எழுபத்தெட்டு ஆச்சா பாரு மர்டாக்!"

"எழுபத்தெட்டுதான்."

"கண்ணாடி போடாம எப்படிடா தெரியுது உனக்கு?"

"நீதான் எழுபத்தெட்டான்னு கேட்டியே."

செம்புக் குழாயின் முனையில் விரலை நீட்டி ஒரு சொட்டு வாங்கி மணிக்கட்டில் தேய்த்து மோந்து பார்ப்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு கடுமை வரும். கல்யாண நாளில்கூட அவரை அப்படி உற்றுப் பார்த்ததில்லை. பிறகு கொட்டகை முழுக்க ப்ளம்மும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாசனை ஏறும். அதிலேயே தூங்கிப்போவார். எழுந்தால் பாட்டில்கள் வரிசையாக நிற்கும், லேபிளுக்காக.

ஷோ நாளில் அவள் இன்னொருத்தி. வெள்ளைக் கோட்டும் மார்பில் பட்டையுமாக நிற்பாள். டனீடனிலிருந்து வரும் ஜட்ஜ் எண் ஒட்டிய பாட்டில்களை ஒவ்வொன்றாகச் சுவைத்து வருவார். ஒரு குறிப்பிட்ட பாட்டிலுக்கு வரும்போது மட்டும் நோலீன் துணியை எடுத்துக்கொண்டு, மேசைக்கு முதுகு காட்டி நின்று, ஏற்கெனவே துடைத்த கண்ணாடித் தம்ளரை மறுபடி துடைப்பாள். முடிவு வந்ததும் உறையைப் பிரித்து, "எண் நாற்பத்தாறு... அட, ஹேஸ்டி!" என்பாள். மர்டாக் முன்னால் வருவார். முதல் பரிசின் சிவப்பு ரிப்பனைக் கொடுத்து, முன்பின் தெரியாதவனிடம் போலக் கைகுலுக்குவாள். "வாழ்த்துகள், மிஸ்டர் ஹேஸ்டி."

திரும்பும்போது வண்டியில் இருவரும் பேச மாட்டார்கள். ஊர் எல்லைப் பாலம் வரைக்கும் பிடித்துவைத்த பொம்மைபோல உட்கார்ந்திருப்பார்கள். பாலம் தாண்டியதும் ஆரம்பிக்கும் சிரிப்பு. ஒரு வருடம் வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாயிற்று.

அப்படி ஒன்பது வருடம். இறந்த பிறகு அவள் பெயரில் ஒரு நினைவுக் கோப்பை வைத்தார்கள், கூடத்தின் மிகச் சிறந்த பண்டத்துக்கு. மிச்சமிருந்த பாட்டில்களை மர்டாக் அடுத்த இரண்டு ஷோவுக்கும் கொண்டுபோனார். இரண்டு சிவப்பு ரிப்பன், கூடவே கோப்பை. செத்த பிறகு தன் கோப்பையைத் தானே வென்ற ஒரே பெண் அவள்தான். இது உலகத்தில் மர்டாக்குக்கு மட்டும் தெரிந்த பெருமை. ஆனால் கொட்டகைக்குள் அவர் போகவில்லை. ஏப்ரன் அங்கே ஆணியில் தொங்கியது. அந்தப் பக்கத்துச் சமையலறை ஜன்னலின் திரையைக்கூட அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு மூடியவர்தான். பிரைஸுக்கு அதைவிட வசதியான வீட்டுக்காரர் கிடைத்திருக்க முடியாது.

"அப்ப போலீஸ்கிட்ட இதைச் சொல்றதுக்கென்ன?" என்றாள் ஏரனா.

"அந்த அதிகாரி பக்கத்துல நோட்டு எடுத்துக்கிட்டு இருந்தது யாரு? எங்க ஊர் கான்ஸ்டபிள் ஹாமிஷ்."

"இருக்கட்டுமே?"

"ஷோவில ஸ்பாஞ்ச் கேக் பிரிவு அவன் பொறுப்பு."

ஏரனா பேனாவை மறுபடி திறந்து அதைக் குறித்துக்கொண்டாள். "கோர்ட்ல?"

"ஷோ கமிட்டி மொத்தமும் ஃப்ளாஸ்க்ல டீயும் சீஸ் ரோலும் எடுத்துக்கிட்டு வந்து பின் வரிசையில உக்காந்திருந்தது. நான் என்னத்தைச் சொல்ல? இருபத்திரண்டு வருஷம் அடுத்தவங்க ஜாடியைத் தொறந்து மோந்து பாத்து, கடைச் சரக்குன்னு தள்ளினவ. எங்க ஊர் பெரிலோட ஏப்ரிகாட் ஜாமை ஊர் முன்னாடி வெளிய எடுத்து வெச்சவ. அவளே புருஷன் பேர்ல ஏமாத்தினான்னு நான் சொல்லணுமா?"

"சொல்லணும். பிரமாணப் பத்திரத்துல எழுதிக் கையெழுத்தும் போடணும்."

"மாட்டேன்," என்றார் மர்டாக். "வேற ஏதாச்சும் சட்டம் இருந்தா பாரு."

அவருடைய அறைத்தோழன் தமாட்டி மூன்று டிராக்டர்களைத் திருடியவன். கதையைக் கேட்டதும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"அங்கிள், நான் டிராக்டருக்காக உள்ள இருக்கேன். டிராக்டர்னா ஓட்டலாம், உழலாம். நீங்க ரிப்பனுக்காகவா இருக்கீங்க?"

"ரிப்பனுக்காக இல்லடா."

"அவங்க செத்துட்டாங்க அங்கிள். நீங்க இன்னும் சாகல."

"அதனாலதான். அவ வந்து பதில் சொல்ல முடியாதே."

தமாட்டி யோசித்தான். "வந்தா என்ன சொல்லுவாங்க?"

மர்டாக், ஏரனா விட்டுப்போன காகிதங்களை எடுத்துப் புரட்டினார். தண்டனைத் தீர்ப்பின் அந்த வரி கண்ணில் பட்டது. வடிப்பதில் இவருக்குள்ள அபாரமான திறமை. மறுபடி படித்தார். நோலீனின் பிராந்தியை அதுவரை யாரும் அவ்வளவு உயர்த்திச் சொன்னதில்லை. டனீடன் ஜட்ஜுகள் அதிகபட்சம் 'நன்று' என்று எழுதுவார்கள். முதல்முறையாக ஒரு படித்த மனிதர் முத்திரை குத்திய காகிதத்தில் அபாரம் என்று எழுதியிருக்கிறார், மர்டாக்கின் பெயருக்கு நேராக.

அப்போது அவள் குரல் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது, திரும்பிப் பார்த்துவிட்டார். *திறமையா? உனக்கா? முட்டையை வேகவைக்கத் தெரியாதவனே!*

அவள் ஏமாற்றுக்காரி என்ற பெயரை மன்னிப்பாள். இதை மன்னிக்க மாட்டாள். மர்டாக் காலையில் ஏரனாவுக்குத் தொலைபேசினார்.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. காய்ச்சியது மனைவிதான் என்று புருஷன் மட்டும் சொன்னால், வெளியே வர ஆசைப்படுகிற எந்தப் புருஷனும் அதைத்தான் சொல்வான். பார்த்தவர் ஒருவர் வேண்டும். கொட்டகைக்கு வேற்று ஆள் யாரும் வந்ததே இல்லை என்றார் மர்டாக். ஏரனா ஊருக்குப் போய் நான்கு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்து, "ஒருத்தங்க இருக்காங்க. ஆனா உங்ககிட்டத்தான் பேசுவாங்களாம்," என்றாள். யார் என்று கேட்டதும் மர்டாக்குக்கு அந்த ஐந்து வருடமே தேவலை என்று தோன்றியது.

பெரில் மக்காஸ்லின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுபத்துநான்கு வயது. நோலீனுக்குப் பிறகு பண்டக் கூடத்தின் தலைமைப் பொறுப்பாளர். ஏப்ரிகாட் ஜாம் விவகாரத்துக்குப் பிறகு நோலீனோடு சிரித்துப் பேசியதை யாரும் பார்த்ததில்லை.

"நாலு சீஸ் ரோல் கொண்டுவந்தேன். வாசல்லயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. உள்ள ரம்பம் இருக்கும்னு நெனச்சாங்களோ என்னமோ. இளைச்சுட்ட மர்டாக்."

"பெரில், உன்கிட்ட ஒண்ணு..."

"நோலீன்தான் காய்ச்சினா. அதானே?"

மர்டாக் வாயைத் திறந்து, திறந்தபடியே வைத்திருந்தார்.

"வாயை மூடு. அன்னிக்கும் இப்படித்தான் பொளந்துக்கிட்டுத் தூங்கினே. என் ஜாமை அவ தள்ளினாளே, மறுநாள் நேர்ல வந்து நாலு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். கொட்டகைக் கதவு தொறந்திருந்துச்சு. அவ ஏப்ரனோட அடுப்புகிட்ட நிக்கறா. விரலை மோந்து பாக்கறா. நீ கார் சீட்டுல. ரேடியோவுல குதிரை ஓடுது. வந்த வழியே திரும்பிட்டேன்."

"பத்து வருஷம் ஆச்சே பெரில்! அப்பவே ஊரைக் கூட்டியிருக்கலாமே?"

"கூட்டி? அவளைத் தூக்கியிருப்பாங்க. நானூறு ஜாடி, அறுபது கேக். அந்தக் கூடத்தை அவளை விட்டா யாரு நடத்துவா? இப்ப நான் நடத்தறேன், முதுகு ஒடியுது." கைப்பையின் வாரைச் சரிசெய்தார். "அதுவுமில்லாம, அது என் கையில இருந்துச்சு பாரு. வெளிய விட்டா அன்னிக்கே தீந்துபோயிருக்கும். அவ வெள்ளைக் கோட்டும் பட்டையுமா வர்றப்பெல்லாம் எனக்குள்ளயே சிரிச்சுக்குவேன். வருஷக்கணக்கா வந்துச்சு அந்தச் சிரிப்பு. அவ போனதுக்கப்புறம் பாத்துச் சிரிக்க ஆளில்ல."

"அந்த ஜாம்..." என்றார் மர்டாக்.

"கடையில வாங்கினதுதான். நாய் மூக்கு அவளுக்கு."

"அவ ஏமாத்தினான்னு எழுதுவியா?"

"நான் பாத்ததை எழுதுவேன். அவ நின்னா, நீ தூங்கினே. மீதியைப் படிக்கறவன் முடிவு பண்ணிக்கட்டும். ஆனா நீ வாயால கேக்கணும். ஹேஸ்டி வீட்டுலேர்ந்து எனக்கு ஒரு தடவையாவது ஒரு வேண்டுகோள் வரணும்."

"எழுதிக் கொடு பெரில். தயவுபண்ணு."

பெரில் அதைக் கொஞ்சம் அனுபவித்தார். பிறகு எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, போகிற போக்கில் கேட்டார்: "அவ முதல்ல இறங்குறதுல எவ்வளவு கீழ ஊத்துவா?"

"எனக்கெப்படித் தெரியும்? ஒரு டம்ளர் வரைக்கும்னு வக்கீலம்மா சொல்றா."

"சும்மா கேட்டேன்," என்றார் பெரில்.

அக்டோபரில் விசாரணை. வெலிங்டனிலிருந்த மூன்று நீதிபதிகளும் சிறையின் காணொளித் திரையில் தபால்தலை அளவுக்குத் தெரிந்தார்கள். ஏரனா எழுந்து, சொல்லப்படாமல் போன எச்சரிக்கையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினாள். அரசு வக்கீல் மர்டாக்கைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"ஒரு ரிப்பனுக்காக ஐந்து வருட ஜெயிலுக்குத் துணிஞ்சீங்கன்னு இந்த நீதிமன்றத்தை நம்பச் சொல்றீங்களா?"

"அஞ்சு வருஷம்னு அப்பத் தெரியாதுங்க."

நடுவிலிருந்த பெண் நீதிபதி முன்னால் சாய்ந்தார். "மிஸ்டர் ஹேஸ்டி, அந்தக் கொட்டகையில உங்க வேலைதான் என்ன?"

"லேபிள் எழுதுவேங்க. வெப்பமானி பாப்பேன்."

"துல்லியமாப் பாப்பீங்களா?"

"அவ சொல்றதைத்தான் நானும் சொல்லுவேன்."

"அவங்க போனதுக்கப்புறம் ரெண்டு வருஷம் உள்ளே போகவே இல்லைன்னு சொல்றீங்க. சொந்தக் கொட்டகை. வீட்டுலேர்ந்து முப்பது அடி. ஏன்?"

இதற்கு ஏரனா ஒரு பதில் தயார் செய்து கொடுத்திருந்தாள். மர்டாக்குக்கு அது மறந்துபோயிற்று.

"ஏப்ரன் ஆணியில மாட்டியிருந்துச்சுங்க," என்றார்.

திரையில் சற்று நேரம் எதுவும் அசையவில்லை. இணைப்புத்தான் போய்விட்டது என்று காவலர் எழுந்து வந்து கம்பியை அசைத்துப் பார்த்தார். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பரில் தீர்ப்பு வந்தது. மனைவியின் நற்பெயரைக் காக்கவே அவர் பொய் சொல்லியிருக்கக்கூடும். அந்தச் சாத்தியத்தை எடைபோட ஜூரிக்கு வழி காட்டப்படவில்லை. குற்றத் தீர்ப்பு ரத்து, வேண்டுமானால் மறுவிசாரணை. தண்டனையைப் பற்றி இனிப் பேசத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு நாற்பத்தோராவது பத்தியில் பேசியிருந்தார்கள்: திறமைக்காகக் கூட்டப்பட்ட ஓராண்டு எப்படியும் நிற்காது, ஏனெனில் மேல்முறையீட்டாளருக்கு அத்தகைய திறமை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கிளென்ரோவா இறைச்சிக்கடைக்காரர் அந்தப் பத்தியை மட்டும் பெரிதாக்கிக் கண்ணாடியில் ஒட்டினார். மூன்று வாரம் கழித்து, மறுவிசாரணை வேண்டாம் என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது.

ஷோ கமிட்டி மூன்று மணி நேரம் கூடியது. கோப்பையிலிருந்து நோலீனின் பெயரைச் சுரண்டினால் வெள்ளி மெலிந்துவிடும் என்று முடிவாயிற்று. விதி பதினான்கில் புருஷன்மாரையும் சேர்க்க வேண்டும் என்று ஹாமிஷ் தீர்மானம் கொண்டுவந்தான். பெரில் அதைக் கடுமையாக எதிர்த்துத் தோற்கடித்தார்.

மர்டாக் வீட்டுக்கு வந்த அன்றைக்குச் சமையலறைத் திரையை விலக்கினார். கொட்டகை நின்றது. மெத் விஷம் படிந்த இடம் என்று சுத்தம் செய்கிறவர்கள் வந்து உட்சுவர்ப் பலகைகளையெல்லாம் பிடுங்கி, கழுவி, எலும்புக்கூடாக விட்டுப் போயிருந்தார்கள். கதவைத் திறந்தார். ஆணிகூட இல்லை. நீச்சல் குளத்து மருந்து வாடை. அந்தப் பழைய ப்ளம்மும் புகையுமான வாசனை கலைந்துவிடக் கூடாது என்றுதான் இரண்டு வருடம் மூடி வைத்தார். நின்று இழுத்து இழுத்து மோந்து பார்த்தார். தும்மல்தான் வந்தது.

போலீஸ் திருப்பித் தந்த பெட்டியில் ஒரு பாட்டில் இருந்தது. சான்றுப் பொருள் எண் முப்பத்தேழு. லேபிளில் அவர் கையெழுத்து. அரசு ஆய்வகம் சோதித்து, சுத்தமான ப்ளம் பிராந்தி, வேறெதுவும் இல்லை என்று சான்றிதழே இணைத்திருந்தது. அவள் கை வைத்ததில் இதுதான் கடைசி.

குடிக்கவில்லை. பிப்ரவரியில் ஷோவுக்குப் படிவம் வாங்கி, தன் அழகான கையெழுத்தில், போட்டியாளர் என்ற இடத்தில் நோலீன் ஹேஸ்டி என்று எழுதினார். பொறுப்பாளர் பதவியில் இப்போது அவள் இல்லை. விதி பதினான்கு அவளைத் தடுக்காது. பெரில் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினார்.

ஷோ நாளன்று மர்டாக் கூடத்தின் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். டனீடன் ஜட்ஜ் பாட்டில் பாட்டிலாக வந்தார். எண் பதினேழு நோலீனுடையது. வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையசைத்தார். மர்டாக்கின் கை கயிற்றை இறுக்கிப் பிடித்தது. பதினெட்டு, பத்தொன்பது போயின. எண் இருபதை ஜட்ஜ் எடுத்தார்.

பெரில் துணியை எடுத்துக்கொண்டு, மேசைக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று, பளபளவென்றிருந்த ஒரு தம்ளரைத் துடைக்க ஆரம்பித்தார்.

மர்டாக் அந்த முதுகைப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு, கொஞ்சம் தூக்கிய வலது தோள், மேலும் கீழும் போகிற முழங்கை.

"முதல் பரிசு," என்று பெரில் உறையைப் பிரித்தார். "எண் இருபது, ஏப்ரிகாட் பிராந்தி... அட, மக்காஸ்லின்!"

பெரிலின் புருஷன் ஆல்ஃப் பின்னால் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் எழுப்பி முன்னால் அனுப்பினார்கள். எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"வாழ்த்துகள், மிஸ்டர் மக்காஸ்லின்," என்று பெரில் கைகுலுக்கினார்.

"இரண்டாம் பரிசு, எண் பதினேழு. நோலீன் ஹேஸ்டி." மர்டாக் போய் நீல ரிப்பனை வாங்கிக்கொண்டார். பெரில் அவர் கண்ணை நேராகப் பார்த்தார். மர்டாக்கும் பார்த்தார். கையிலிருக்கும் ரகசியத்தை வெளியே விட்டால் அன்றைக்கே தீர்ந்துபோகும்.

"ஜட்ஜ் சரியாத்தான் சொல்லியிருப்பார்," என்றார் மர்டாக்.

அரைப் பாட்டில் மிச்சமிருந்தது. அதைப் பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, நீல ரிப்பனை அதன் கழுத்தில் கட்டினார். வண்டியை மெதுவாக ஓட்டினார். கடைத்தெரு போயிற்று, இறைச்சிக்கடைக் கண்ணாடியில் நாற்பத்தோராவது பத்தி போயிற்று. வாயை இறுக்கி மூடிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். பாட்டிலும் பேசவில்லை.

பாலம் வந்தது. தாண்டினார்கள்.